மழலையர் வகுப்பு டீச்சராக என்ன படிக்க வேண்டும்? கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு ஒரு விளக்கம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும். கடலூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களிலும், புதுச்சேரியில் மறைமலை அடிகள் சாலையோர மின்கம்பங்களிலும் ஒரே மாதிரி நோட்டீஸ்கள் முளைத்துவிடும்: மான்டிசோரி டீச்சர் ட்ரெய்னிங், ஆறு மாதம், வேலை உறுதி. குழந்தைகளோடு இருக்கப் பிடித்த பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், அதைப் பார்த்து நிற்கிறார்கள். வீட்டில் கேட்டால் ஒருவர் பி.எட். என்கிறார். இன்னொருவர் டீச்சர் ட்ரெய்னிங் என்கிறார். பல்கலைக்கழகத்திலேயே இதற்குப் பட்டம் இருக்கிறது என்கிறார் மூன்றாமவர்.

இந்தக் குழப்பத்தோடு செய்திகளும் சேர்ந்துகொண்டன. பி.எட். முடித்தவர் தொடக்கப் பள்ளி ஆசிரியராக முடியாது என்று 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் படிப்பு வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பில் சேர 5 வயதா, 6 வயதா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. மூன்றும் தனித்தனிச் செய்திகளாகத் தெரிந்தாலும், சின்னக் குழந்தைக்குச் சொல்லித் தர யாருக்குத் தகுதி உண்டு என்ற ஒரே கேள்விதான் மூன்றுக்கும் அடியில் இருக்கிறது. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எந்த வயதைப் பற்றிப் பேசுகிறோம்

கல்வித்துறையில் 'ஆரம்பக் குழந்தைப் பருவம்' என்றால் பிறந்ததிலிருந்து 8 வயது வரை. இதை மூன்று துண்டுகளாகப் பார்ப்பது வழக்கம்.

1. பிறப்பு முதல் 3 வயது வரை. வீடும் காப்பகமும் சார்ந்த பருவம். இங்கே பராமரிப்புதான் கல்வி. பாலூட்டும்போது பேசுவதும், குளிப்பாட்டும்போது பாடுவதும் அந்தக் குழந்தைக்குப் பாடங்கள்.

2. 3 முதல் 6 வயது வரை. அங்கன்வாடி, எல்.கே.ஜி., யு.கே.ஜி. எல்லாம் இதற்குள் வரும். தமிழ்நாட்டு அரசு ஆவணங்கள் இதை 'முன்பருவக் கல்வி' என்கின்றன. மக்கள் வாயில் இன்றைக்கும் 'பால்வாடி'தான்.

3. 6 முதல் 8 வயது வரை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள்.

குழந்தையின் வளர்ச்சியில் இந்த மூன்றுக்கும் நடுவே சுவர் கிடையாது. அரசு நிர்வாகத்தில் இருக்கிறது. அங்கன்வாடி சமூக நலத்துறை, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு என்ற பக்கத்தில் நிற்கிறது. ஒன்றாம் வகுப்பு பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வருகிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும் உரிமை கொடுத்தது. 3 முதல் 6 வயது பற்றி அதன் 11-ஆவது பிரிவு சொல்வது, அரசு தேவையான ஏற்பாடு செய்யலாம் என்பதுதான். 'செய்ய வேண்டும்' என்று இல்லாமல் 'செய்யலாம்' என்று இருக்கும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் இத்தனை சிக்கலும் வரிசை கட்டி நிற்கிறது. உரிமையாக இல்லாத கல்விக்கு ஆசிரியர் தகுதியைக் கறாராகக் கேட்பவர் யாரும் இல்லை.

2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரை ஒரே கட்டமாக இணைத்து 'அடித்தள நிலை' என்று பெயர் வைத்தது. அங்கன்வாடியோ மழலையர் வகுப்போ மூன்று ஆண்டுகள், அப்புறம் ஒன்றும் இரண்டும். இந்தக் கணக்குப்படி ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது ஆகிவிடுகிறது. கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் 2022-23 முதல் 6 வயதுக்கு மாறின. தமிழ்நாடு இந்தக் கொள்கையை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் தமிழ்நாடு வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு 5 வயது என்றே வைத்திருக்கிறது. வயது ஓர் ஆண்டு தள்ளினால் மழலையர் வகுப்பு இரண்டு ஆண்டா மூன்று ஆண்டா என்பது மாறும். அதோடு எத்தனை ஆசிரியர் தேவை, அவர்கள் என்ன படித்திருக்க வேண்டும் என்பதும் மாறும்.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது

ஜெர்மனியில் ஃப்ரோபெல் 1837-இல் சின்னக் குழந்தைகளுக்கான ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தார். எல்.கே.ஜி.யில் வரும் 'கே.ஜி.' அதுதான். ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லோரென்சோவில் 1907-இல் மரியா மான்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். மருத்துவம் படித்தவர் என்பதால் குழந்தைகளை உற்றுப் பார்த்துக் குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் அவருடைய கருவிகள் பிறந்தன. அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போரால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் 'மான்டிசோரி' என்ற சொல் பெயர்ப்பலகையில் இருப்பதற்கு இந்த ஏழு ஆண்டுகளும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். பெயரைப் பார்த்து முறை உள்ளே இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920-இல் பால மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கினார். மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக் இதைப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குள் கொண்டுபோனார். குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையின் முற்றத்துக்குப் போகட்டும் என்பது அவர் வழி. அங்கன் என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடியை நாடு முழுக்கக் கொண்டுபோனது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல் பரிசோதனை என்று அதன் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. நடைமுறையில் சாப்பாடும் எடை பார்ப்பதும் பதிவேடும் நாளைத் தின்றுவிட, கல்வி கடைசி வரிசைக்குப் போனது.

தமிழ்நாட்டில் 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பால்வாடியை ஒவ்வொரு கிராமத்துக்கும் நெருக்கமாக்கியது. இன்று மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. பாடம் நடத்த உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் எதிர்த்தார்கள், வழக்கும் போட்டார்கள். அவர்கள் படித்தது ஒன்றாம் வகுப்பு முதலான குழந்தைகளுக்குச் சொல்லித் தருவதற்கு. மூன்றரை வயதுக் குழந்தை வேறு உலகம். வேலைக்கும் படிப்புக்கும் பொருத்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நடந்த பெரிய உதாரணம் இது.

பல்கலைக்கழகத்தில் அப்படி என்ன படிக்கிறார்கள்

'குழந்தையைப் பாத்துக்கறதுக்கு டிகிரி எதுக்கு' என்பது ஊரில் அடிக்கடி கேட்கும் கேள்வி. கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

1. குழந்தை எப்படி யோசிக்கிறது

நான்கு வயதுக் குழந்தை முன்னால் ஆறு புளியங்கொட்டைகளை ஒரு வரிசையாக வையுங்கள். அதற்கு நேர் கீழே இன்னொரு ஆறு. இரண்டும் சமமா என்று கேட்டால் சமம் என்று சொல்லும். இப்போது கீழ் வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பி வைத்து, எதில் நிறைய இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலான குழந்தைகள் நீளமான வரிசையைக் காட்டும். நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற குழந்தையும் அதையே காட்டும். எண்களைச் சொல்வது வேறு, எண்ணிக்கை என்பது இடம் மாறினாலும் மாறாது என்று புரிவது வேறு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியாஜே இதைப் பல விதமாகச் சோதித்து, 2 முதல் 7 வயது வரையிலான சிந்தனைக்கு ஒரு தனி இயல்பு இருக்கிறது என்றார்.

கதை அதோடு முடியவில்லை. 1974-இல் மெக்கேரிகல், டொனால்ட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதே சோதனையைக் கொஞ்சம் மாற்றினார்கள். பெரியவர் வரிசையைக் கலைக்காமல், ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை ஓடிவந்து கலைத்துவிடும்படி செய்தார்கள். இப்போது சரியான பதில் சொன்ன குழந்தைகள் வெகுவாகக் கூடினார்கள். ஏன்? பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் பதில் தப்பு போலிருக்கிறது என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. இந்த இடம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. குழந்தைக்குத் தெரியவில்லை என்று நாம் முடிவு கட்டும் பல நேரங்களில், கேட்ட விதத்தில்தான் கோளாறு இருந்திருக்கிறது. எப்படிக் கேட்பது என்பதைப் படித்துத்தான் பழக வேண்டும். பாசம் மட்டும் அதைச் சொல்லித் தராது.

2. கை

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். பிறக்கும்போது அவை பெரும்பாலும் குருத்தெலும்பு. பல ஆண்டுகளில்தான் ஒவ்வொன்றாக எலும்பாக இறுகும். மூன்று வயதுக் குழந்தை பென்சிலைக் கைப்பிடிக்குள் வைத்துக் குத்துவதுபோலப் பிடிப்பது அடம் இல்லை, உடம்பு அங்கேதான் வந்திருக்கிறது. அந்த வயதில் நான்கு கோடு நோட்டில் 'அ' எழுத வைப்பது கையையும் நோகடிக்கும், மனதையும் நோகடிக்கும்.

அப்படியானால் எழுத்துக்கு எப்படித் தயாராக்குவது? முருங்கைக்கீரை உருவச் சொல்லலாம். வேர்க்கடலை உரிக்கச் சொல்லலாம். தேவனாம்பட்டினத்துக் குழந்தைக்குக் கரையில் கிளிஞ்சல் பொறுக்கித் தரம் பிரிப்பது விளையாட்டு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்யும் இந்தப் பழக்கம்தான் பென்சில் பிடிக்கிற விரல்களை உருவாக்குகிறது. விஜயதசமி அன்று தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுத வைத்த நம் வழக்கத்திலும் பென்சில் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் எந்த எழுத்து என்பதற்கும் காரணம் உண்டு. 'அ' வளைவும் சுழியுமாக இருக்கிறது. 'ட', 'ப' இரண்டும் நேர்கோடுகள். வரிசை முறைப்படி உயிரெழுத்திலிருந்து தொடங்குவது இலக்கணத்துக்குச் சரி. விரலுக்கு 'ட' சுலபம்.

3. மொழி

குழந்தை வீட்டில் 'தண்ணி' என்கிறது, புத்தகம் 'தண்ணீர்' என்கிறது. தமிழில் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம் பெரியவர்களுக்குப் பழகிவிட்டது. பள்ளிக்கு வரும் குழந்தைக்கு அது ஒரு புதுக் கிளைமொழி. வீட்டுச் சொல்லைத் தப்பு என்று திருத்தும் ஆசிரியர் குழந்தையின் வாயை அடைக்கிறார். அதையே பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குக் கூட்டிப்போகிறவர் வாயைத் திறக்கிறார். படிக்கத் தொடங்குமுன் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைக் காதால் பிரிக்கத் தெரிய வேண்டும். 'படகு' என்பதை ப-ட-கு என்று தட்டிப் பிரிப்பது குழந்தைக்கு எளிது. 'ப' என்பதற்குள் 'ப்' இருக்கிறது, 'அ' இருக்கிறது என்பது மிகவும் பிந்தி வரும். ஆங்கில வழிப் பயிற்சி ஏடுகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும்.

4. கவனிப்பும் குறிப்பும்

நல்ல கல்லூரியில் மாணவர்கள் மிக அதிகமாகத் திருத்தம் வாங்குவது இந்தத் தாளில்தான். முதல் மாதம் அவர்கள் எழுதுவது இப்படி இருக்கும்: 'இந்தக் குழந்தை பிடிவாதக்காரன், யாரோடும் பகிர மாட்டான்.' பயிற்சிக்குப் பிறகு அதே காட்சி இப்படி மாறும்: 'காலை 10.20. சிவப்புக் கட்டைகள் நான்கையும் மடியில் வைத்திருந்தான். பக்கத்துக் குழந்தை கை நீட்டியதும் இரண்டைத் தன் பின்னால் மறைத்தான். ஒரு நிமிடம் கழித்து, கேட்காமலே ஒரு நீலக் கட்டையை எடுத்துக் கொடுத்தான்.' முதல் குறிப்பு தீர்ப்பு. இரண்டாவதைப் படித்தால் நாளை என்ன செய்யலாம் என்று தெரிகிறது. ஒரு குழந்தை பகிரக் கற்றுக்கொண்டிருக்கும் தருணம் அதில் பதிவாகியிருக்கிறது. பரீட்சை வைக்க முடியாத வயதில் மதிப்பீடு என்றால் இதுதான்.

5. மற்றவை

உடல்நலம், ஊட்டச்சத்து, உயரமும் எடையும் வளர்ச்சி அட்டையில் குறிப்பது, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளைச் சீக்கிரமே அடையாளம் காண்பது, குடும்பத்தோடு பேசுவது ஆகியவையும் பாடத்திட்டத்தில் வரும். குடும்பம் என்பது ஏட்டுப்பாடம் அல்ல. விடியற்காலையில் மீன் கூடையோடு கிளம்பும் தாய், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகும் தாய், நெய்வேலியில் ஷிஃப்ட் முறையில் வேலை பார்க்கும் தந்தை, இவர்களுடைய நாளைத் தெரிந்துகொள்ளாமல் மையத்துக்கு நேரம் வகுக்க முடியாது.

எந்தச் சான்றிதழ் எந்தக் கதவைத் திறக்கும்

முதலில் ஒரு அடிப்படை விதி. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., 2014-இல் குறைந்தபட்சத் தகுதிகளை அறிவித்தது. மழலையர் ஆசிரியருக்கு பிளஸ் டூவில் 50 சதவீத மதிப்பெண், கூடவே இரண்டு ஆண்டுக்குக் குறையாத முன்பருவக் கல்வி டிப்ளமோ அல்லது பி.எட். நர்சரி. ஆறு மாதச் சான்றிதழ் இந்த அளவுகோலில் எங்கேயும் வரவில்லை. தனியார் நர்சரிகள் அதை ஏற்று வேலை கொடுக்கின்றன, உண்மைதான். அந்த வேலைக்கு விதியின் பாதுகாப்பு கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

1. முன்பருவக் கல்வி டிப்ளமோ, இரண்டு ஆண்டு. 3 முதல் 6 வயதுக்கு நேரடியாகப் பொருந்தும் படிப்பு. தமிழ்நாட்டில் பரவலாகக் கிடைப்பதில்லை.

2. தொடக்கக் கல்வி டிப்ளமோ, இரண்டு ஆண்டு. பழைய 'டீச்சர் ட்ரெய்னிங்'. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கான அடிப்படைத் தகுதி இது. இதோடு ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளும் தேற வேண்டும். கடலூர் மாவட்டத்துக்கான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வடலூரில் இருக்கிறது, புதுச்சேரியினது லாஸ்பேட்டையில்.

3. பி.எட். தொடக்கத்தில் சொன்ன தீர்ப்பு இங்கேதான் பொருந்துகிறது. 2018-இல் என்.சி.டி.இ. பி.எட். முடித்தவர்களையும் தொடக்க வகுப்புகளுக்கு அனுமதித்திருந்தது. சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லித் தரும் முறை பி.எட். பாடத்திட்டத்தில் இல்லை, அதனால் தரமான கல்வி என்ற உரிமை பாதிக்கும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியைத் தவறு என்றது. பட்டம் பெரிதா சிறிதா என்று நீதிமன்றம் பார்க்கவில்லை, பொருத்தமா என்று பார்த்தது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர ஆசைப்பட்டுப் பொதுவான பி.எட். சேர்ந்தால் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கதவு திறக்கும்.

4. நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பு, சுருக்கமாக ஐ.டி.இ.பி. பிளஸ் டூ முடித்ததும் சேரலாம். பட்டமும் ஆசிரியர் தகுதியும் ஒன்றாக வரும். தேசியத் தேர்வு முகமை நடத்தும் பொது நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். 2023-24-இல் முன்னோட்டமாகத் தொடங்கியது. அடித்தளம், ஆயத்தம், நடுநிலை, மேல்நிலை என்று நான்கு நிலைகள் இதில் உண்டு. எந்த நிலைக்கு இடம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மேல்நிலைக்கான இடத்தில் சேர்ந்துவிட்டு மழலையர் ஆசிரியராக வேண்டும் என்று பிறகு வருந்திப் பயனில்லை.

5. மனையியல், மனித வளர்ச்சி, குழந்தை வளர்ச்சி என்ற பெயர்களில் வரும் பி.எஸ்சி., எம்.எஸ்சி. கோவை அவினாசிலிங்கம் நிறுவனம், டெல்லி லேடி இர்வின் கல்லூரி போன்ற இடங்கள் இதற்குப் பேர் போனவை. மேலே சொன்ன புளியங்கொட்டையும் மணிக்கட்டும் மிக ஆழமாகப் படிக்கக் கிடைப்பது இங்கேதான். ஆனால் இது மட்டும் ஆசிரியர் சான்றாகாது. வேறு கதவுகள் உண்டு: டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் தேர்வு, மனையியலில் நெட் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் பணி, ஆய்வு, தொண்டு நிறுவனங்கள்.

6. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஓராண்டு டிப்ளமோ. வீட்டிலிருந்து படிக்க நல்ல பாடநூல்கள். அங்கன்வாடிப் பணியாளருக்கும் காப்பகம் நடத்துபவருக்கும் பயன் தரும். ஆசிரியர் நியமனத்துக்கான தகுதி என்று நினைத்துச் சேரக் கூடாது.

7. சிறப்புக் கல்வி. இது இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் ஆளுகை. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் பதிவு செய்தவர்தான் தொழில் செய்ய முடியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் நமக்கு அருகில் இருப்பது.

முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போனால் முள்ளோடையில் எல்லை. இரு பக்கமும் ஒரே தமிழ், ஒரே கடல்காற்று, கல்யாணமும் காதுகுத்தும் குறுக்கே போய் வரும் உறவு. கல்வி விதிகள் மட்டும் அங்கே மாறுகின்றன. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, 2022 அக்டோபரில் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் (எதை, எப்படிச் சொல்லித் தருவது என்பதற்கான வழிகாட்டி ஆவணம்) அங்கே நேரடியாக முக்கியம். கடலூர்ப் பக்கம் மாநிலப் பாடத்திட்டமும் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும். ஆகவே எந்தப் பக்கம் வேலை செய்யப் போகிறோம் என்பதை வைத்துப் படிப்பைத் தேர்ந்தால் நல்லது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் மாஹேயும் ஏனாமும் சேர்ந்திருப்பதால் அங்கே தாய்மொழி வழி என்றால் தமிழோடு மலையாளமும் தெலுங்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சம்பளம், மதிப்பு, விளைவு

2025-இல் தமிழ்நாட்டில் அங்கன்வாடிப் பணியாளர் நியமனத்துக்குக் கேட்ட கல்வித்தகுதி பிளஸ் டூ. முதல் ஆண்டுத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சியின் 85 சதவீதத்துக்கு மேல் நடந்துவிடுகிறது என்று 2020 தேசியக் கொள்கை ஆவணமே எழுதுகிறது. அந்த வயதை ஒப்படைக்கும் ஆளுக்குத்தான் பள்ளி அமைப்பிலேயே ஆகக் குறைந்த படிப்பும் ஆகக் குறைந்த சம்பளமும். இது சரியில்லை. பணியாளர்கள் மேல் பழி சொல்லவில்லை. சமையல், கணக்கு, செயலிப் பதிவு, வீடு வீடாகப் போவது எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் வைத்துவிட்டு, பாடமும் நடத்து என்று சொல்லும் அமைப்பின் கோளாறு அது.

இருக்கும் பணியாளர்களுக்குத் தேசியக் கொள்கை ஒரு வழி சொன்னது: பிளஸ் டூ படித்தவருக்கு ஆறு மாதச் சான்றிதழ், அதற்குக் குறைந்தவருக்கு ஓராண்டு டிப்ளமோ, பெரும்பாலும் கைபேசி, டி.வி. வழியாக. ஒன்றுமில்லாததற்கு இது மேல். ஆனால் கவனித்துக் குறிப்பெழுதும் பழக்கத்தைக் கைபேசித் திரை எப்படித் திருத்தும்?

இன்னொரு பக்கம் பார்க்க வெகு தூரம் போக வேண்டாம். 1826 முதல் புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு லிசே பள்ளியில், பிரான்சின் பாடத்திட்டப்படி மழலையர் வகுப்பு முழுப் பள்ளியின் ஓர் அங்கம். பிரான்சில் 2019 முதல் 3 வயதிலேயே கல்வி கட்டாயம். அங்கே மழலையர் வகுப்பு ஆசிரியருக்கும் மேல்வகுப்பு ஆசிரியருக்கும் முதுகலை நிலைப் பயிற்சிதான். பின்லாந்தில் 1995 முதல் மழலையர் ஆசிரியர் கல்வி பல்கலைக்கழகப் பட்டமாகிவிட்டது. அந்த நாடுகளின் பணம் நம்மிடம் இல்லை என்று சொல்லிக் கடந்துவிடலாம்தான். ஆனால் நம்முடைய 2013 தேசியக் கொள்கையே 3 முதல் 6 வயது வரை 20 குழந்தைக்கு ஒரு பெரியவர், மூன்று வயதுக்குள் 10 குழந்தைக்கு ஒருவர் என்று எழுதி வைத்திருக்கிறது. எழுதியதை நிறைவேற்றினாலே படித்தவர்களுக்கு வேலையும் வரும், குழந்தைகளுக்கு ஆளும் கிடைக்கும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

கல்லூரி அலுவலகத்தில் இந்தக் கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

1. இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் தருவது யார்? என்.சி.டி.இ.யா, பல்கலைக்கழக மானியக் குழுவா, மறுவாழ்வுக் குழுமமா? ஆணையின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். தொலைநிலைப் படிப்பு என்றால், நீங்கள் சேரும் அதே ஆண்டுக்கு மானியக் குழுவின் தொலைநிலைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் பாருங்கள். போன ஆண்டு இருந்தது என்ற பதிலை ஏற்காதீர்கள்.

2. முடித்தால் எந்த வகுப்பு வரை தகுதி? வாய்ப் பேச்சு வேண்டாம், கையேட்டில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

3. குழந்தைகளோடு எத்தனை நாள்? நான்கு சுவருக்குள் சார்ட் வெட்டி ஒட்டுவதையே செய்முறை என்று சொல்லும் இடங்கள் உண்டு. கல்லூரிக்குச் சொந்த மழலையர் பள்ளி இருக்கிறதா, அக்கம்பக்கத்து அங்கன்வாடிகளோடு ஒப்பந்தம் இருக்கிறதா, மாணவர் எழுதும் கவனிப்புக் குறிப்புகளை யார் உட்கார்ந்து திருத்துகிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு மூத்த மாணவியின் குறிப்பு நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். சிவப்பு மையில் ஒரு வரிகூட இல்லாவிட்டால் வேறு கல்லூரி தேடலாம்.